மாற்றிக் கொடுத்த பாட்டில்

தம்பி,

நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். நானும் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஐந்து நாளாக நான் நானாக இல்லை. சோறு இறங்கவில்லை, மில்லுக்குப் போகவில்லை, யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புகிறேன். உன்னிடம் மூன்று தடவை போனில் சொல்ல வாயெடுத்தேன். முதல் தடவை மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாய். இரண்டாவது தடவை, கல்யாணத்துக்கு எத்தனை வேன் சொல்லியிருக்கிறீர்கள் என்று நீயே ஆரம்பித்துவிட்டாய். மூன்றாவது தடவை நீ வேலையில்லாமல் சும்மாதான் இருந்தாய். ஊரையே அதட்டிப் பேசுகிறவன், பெற்ற பிள்ளையிடம் பேசப் பயந்து, அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் அப்பன்மார்கள் மகனுக்குப் புத்திமதி எழுதுவார்கள். நான் உனக்குச் செய்த ஒரு கேட்டை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாகப் படி. நடுவில் என்னைத் திட்டத் தோன்றும், திட்டிக்கொள், ஆனால் கடைசி வரை படித்துவிடு.

புதுவயல் மில்லில் முப்பத்தொரு வருஷமாக என் வேலை என்ன என்பது உனக்குத் தெரியும். லாரியில் வந்து இறங்கும் நெல் மூட்டையில் குத்தூசியைச் செருகி, அந்த இரும்புக் குழல் வழியாக வரும் நெல்லை உள்ளங்கையில் வாங்கி, கடித்துப் பார்த்து, ஊதிப் பார்த்து, ஈரம் எவ்வளவு, பதராகிப்போன கருக்காய் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். நான் சொன்ன பிறகுதான் மூட்டை தராசுக்குப் போகும். மேலே பத்து விரல்கடைக்கு நல்ல நெல்லைப் பரப்பி, அடியில் நனைந்த நெல்லை வைத்துத் தைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அவர்களை நான் விட்டதே இல்லை. வாய்ப்பக்கம் ஒரு குத்து, வயிற்றில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. ஒரு தடவை காளையார்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு மனுசன், மழையில் நனைந்துவிட்டது, இந்த ஒரு லோடை மட்டும் பார்க்காமல் விடுங்கள் என்று கையைப் பிடித்தார். நனைந்ததை நனைந்தது என்று சொல்லியிருந்தால் காயப்போட இடம் கொடுத்திருப்பேன், மேலே நல்ல நெல்லைப் போட்டு மூடி என்னை முட்டாளாக்கப் பார்த்தீரே என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தி, லாரியைத் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடமும் உன் அக்காவிடமும் அதைப் பெருமையாகச் சொன்னேன். மாதிரியை மாற்றுகிறவன் முகம் எனக்குப் பார்த்தாலே தெரியும் என்று சொன்னேன். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது போலிருக்கிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மருத்துவக் குழு காரைக்குடிக்கு வந்து, சர்க்கரை வியாதி உள்ளவர்களை ஓர் ஆராய்ச்சிக்காகச் சேர்த்துக்கொண்டது. நானும் பெயர் கொடுத்தேன். அன்றிலிருந்து வருஷம் ஒரு தடவை, பங்குனி வாக்கில், அங்கிருந்து ஒரு பெண் போன் போடும். ஐயா எப்படி இருக்கீங்க, ஆஸ்பத்திரியில் சேர்கிற மாதிரி எதுவும் ஆச்சா, மாத்திரை தவறாமல் சாப்பிடுறீங்களா என்று அவ்வளவு பணிவாகக் கேட்கும். எனக்குத் தலைகால் புரியாது. பெற்ற மகன் தீபாவளிக்குத் தீபாவளிதான் விசாரிக்கிறான், யார் பெற்ற பிள்ளையோ வருஷம் தவறாமல் கூப்பிட்டு விசாரிக்கிறது பாருங்கள் என்று தராசுக்காரரிடம் பீற்றிக்கொள்வேன். உன்னைக் குத்திக்காட்டவும் அந்தப் பெண்ணைப் பல தடவை இழுத்திருக்கிறேன், மறந்திருக்க மாட்டாய். இந்தப் பங்குனியில் பேசும்போது, மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், முடிந்ததும் பத்திரிகை அனுப்புகிறேன், விலாசம் கொடு தாயி என்று கேட்டேன். அது சிரித்துவிட்டு, வேறு ஏதாவது உடம்புக்கு வந்ததா ஐயா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழு எங்களையெல்லாம் ஓர் ஆஸ்பத்திரி ஹாலுக்கு வரச் சொல்லியிருந்தது. ஆராய்ச்சி முடிந்துவிட்டது, என்ன கண்டுபிடித்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை என்று சொன்னார்கள். வெள்ளைச் சட்டை, விபூதி எல்லாம் போட்டுக்கொண்டு விசேஷ வீட்டுக்குப் போகிற மாதிரி போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, மதுரைப் பக்கம். திரையில் படம் போட்டுக் காட்டி நிதானமாகச் சொன்னது. உடம்பில் சர்க்கரை கூடுதலாக நின்றால், மூச்சில் இழுக்கிற அதே ஆக்ஸிஜன் உள்ளே சில கெட்ட துகள்களாக மாறி அணுக்களை அரிக்குமாம். அதற்கு ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் துரு உதிர்ந்து சிறுநீரில் வரும், அதைத்தான் நாங்கள் அளந்தோம் என்றது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மில்லில் நெல்லை மேலே ஏற்றுகிற வாளிகள் உள்ளுக்குள் அரித்துப்போனால் வெளியே பார்த்துத் தெரியாது, தவிட்டில் செம்பழுப்பாகத் தூள் விழுந்தால்தான் தெரியும். சபாஷ், நல்ல பிள்ளை, படிக்காதவனுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறது என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னேன்.

அடுத்த படத்தில் இரண்டு கோடு. அந்தத் துரு அதிகமாக வந்தவர்கள் ஒரு கோடு, குறைவாக வந்தவர்கள் ஒரு கோடு. அதிகமாக வந்தவர்களின் கோடு சரசரவென்று கீழே இறங்குகிறது. என்ன கோடு அது என்று ஒருவர் கேட்டார். டாக்டரம்மா கொஞ்சம் தயங்கி, அந்தக் கூட்டத்தில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் என்றது. செத்தவர்கள் கணக்கு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் விடவில்லை. வருஷா வருஷம் போன் பண்ணுகிறோமே ஐயா, அதற்காகத்தான் என்று அந்தப் பிள்ளை சொன்னது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எட்டு வருஷமாக நான் பாசம் என்று நினைத்தது, நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று குறித்துக்கொள்வதற்கு. அவர்கள் மேல் தப்பில்லை, சேரும்போதே காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள், நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனாலும் அந்தப் பெண்ணுக்குப் பத்திரிகை அனுப்புகிறேன் என்று சொன்னதை நினைத்துக் கூசிப்போனேன். டாக்டரம்மா இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னது. இது ஜாதகம் இல்லை, அளவு அதிகம் என்பதால் ஒருவர் செத்தே தீர வேண்டும் என்று அர்த்தமில்லை, அந்தத் துருதான் கொன்றது என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது, பெரிய கூட்டத்தைப் பார்த்தால் இப்படித் தெரிகிறது, அவ்வளவுதான் என்றது.

பேச்சு முடிந்ததும், தங்கள் அளவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தனியாக வந்து பார்க்கலாம் என்றார்கள். வரிசையில் நின்றேன். என் பெயரைப் பார்த்து, காகிதத்தைப் புரட்டி, டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தது.

“உங்க அளவு மேல் வரிசையில இருக்குங்க ஐயா. சிறுநீர்ல சர்க்கரையும் நிறைய வந்திருக்கு. இதே அளவு இருந்தவங்கள்ல நிறையப் பேர் இன்னைக்கு இந்த ஹால்ல இல்ல. நீங்க இப்படித் தெம்பா வந்து நிக்கிறீங்க.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. புதுவயல் நெல் தூசி, அதுதான் ரகசியம் என்று விளையாட்டாகச் சொன்னேன். அது சிரித்தது, பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எமனையே திருப்பி அனுப்பினவன் மாதிரி நடந்துபோய், வடையும் சர்க்கரை போடாத டீயும் வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். ஒரு வாய் கடித்திருப்பேன். அப்போதுதான் நினைப்பு வந்தது. அவர்கள் அளந்தது என்னுடையது இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் கொண்டுபோய்க் கொடுத்த பாட்டிலில் இருந்தது உன்னுடையது. வடை கையிலிருந்து விழுந்ததைக் கூட நான் பார்க்கவில்லை, யாரோ எடுத்துப் போட்டார்கள்.

உனக்கு அந்தக் காலை ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை, பாதித் தூக்கத்தில் இருந்தாய். அப்போதுதான் உன் அக்காவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் பெரியம்மா, குழு பெயர் சேர்த்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். மறுநாள் காலை எழுந்ததும் முதல் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று என் பெயர் ஒட்டிய பாட்டிலைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். என்னுடையதைக் கொடுக்க எனக்குப் பயம். ஏனென்றால் அதற்கு முன்னால் இரண்டு மாதமாக நான் மாத்திரையைத் தொடவில்லை, நாட்டு மருந்து என்று எதையோ குடித்துக்கொண்டு திரிந்தேன். பெயர் கொடுத்தபோதே லேசாகத்தான் சர்க்கரை, கட்டுக்குள் இருக்கிறது என்று அளந்துவிட்டிருந்தேன். பாட்டிலில் உண்மை தெரிந்து, அந்த அம்மா காதுக்குப் போய், பரம்பரைச் சர்க்கரைக் குடும்பம் என்று சம்பந்தம் தட்டிப்போனால் என்ன செய்வது? ராத்திரி முழுக்க யோசித்தவன் விடிந்ததும் உன்னை எழுப்பினேன். தம்பி, இதில் கொஞ்சம் பிடித்துக் கொடு, வீட்டில் எல்லாருடையதும் கேட்கிறார்கள் என்றேன். நீ கண்ணைக்கூடத் திறக்காமல் எழுந்துபோய், கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாய். எதற்கு என்று கேட்கவில்லை. அப்பன் கேட்டால் எதற்கு என்று கேட்காத பிள்ளையாகத்தான் உன்னை வளர்த்திருந்தேன். இருபத்துமூன்று வயது, நோய் நொடி தெரியாத உடம்பு, பளிங்கு மாதிரி இருக்கும் என்று நம்பி அந்தப் பாட்டிலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனேன். போகிற வழியில் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதில் சர்க்கரை இருந்திருக்கிறது தம்பி. எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே. உன் பெயரில் அந்தப் பாட்டில் போயிருந்தால் அன்றைக்கே ஆள் விட்டு உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள். என் பெயர் இருந்ததால், இவருக்குச் சர்க்கரை உண்டு என்பது தெரிந்ததுதானே என்று காகிதத்தை அடுக்கிவிட்டார்கள். நெருப்பு இருக்கிறது என்று உன் உடம்பு ஒரு தடவை கூவியது, நான் அதன் வாயைப் பொத்தி என் பெயரை எழுதிவிட்டேன். இதை எழுதும்போதுகூட என்னால் நம்ப முடியவில்லை. வேண்டுமென்று உனக்குக் கெடுதல் செய்ய நினைத்த எதிரியால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கூடத்தில் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். உன் கல்யாண உடுப்புக்கு அளவு எடுத்த கடைக்காரர் பேசினாராம், பழைய அளவுக்கு இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறதாம், பிள்ளை கல்யாணக் களையில் சிக்கென்று ஆகிவிட்டான் என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. மஞ்சள் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, தீபாவளிக்கு வந்தபோது நீ ஒரு நாளில் அரைக் குடம் தண்ணீரைக் காலி செய்ததைச் சொன்னாள். ஆடியில் புதுச் செருப்பு கடித்த குதிகால் புண் தீபாவளிக்கும் ஆறாமல் பிளாஸ்திரியோடு வந்ததைச் சொன்னாள். ராத்திரியில் நாலு தடவை நீ எழுந்துபோன சத்தம் கேட்டதைச் சொன்னாள். அத்தனையும் அவள் கண்ணில் பட்டிருக்கிறது, எதையும் எதனோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் பார்க்கவில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்த்து ஒன்று சொன்னாள்.

“ஊருல உள்ள மூட்டையெல்லாம் குத்திக் குத்திப் பாத்தீக. நம்ம வீட்டு மூட்டைய நீகளே மாத்தி வச்சுட்டு வந்திருக்கீக.”

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அங்குட்டுப் போய்விடுவாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வருஷா வருஷம் கூப்பிடுகிற அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் கூப்பிடுகிறேன். அதற்கு ஆச்சரியம். என்ன ஐயா, உடம்புக்கு முடியலையா என்று பதறியது. பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னேன், ஆனால் சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அந்தப் பிள்ளை என் பெயரையும் பதிவு நம்பரையும் கேட்டுக் குறித்துக்கொண்டது. பிறகு, உங்கள் பெயரில் உள்ள அளவைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும், பெரிய டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் ஐயா என்றது. எடுத்துவிடு தாயி, பொய்ச் சரக்கு என்றேன். எத்தனை பேர் எத்தனை வருஷம் உழைத்த வேலையில் என் பெயருக்கு நேராக ஒரு பொய் உட்கார்ந்திருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளை என்னைக் கோபிக்கவில்லை. வருஷா வருஷம் என்னிடம் பேசுகிற அதே குரலில் மெதுவாகக் கேட்டது.

“உங்க மகன் இப்ப எப்படி இருக்காங்க ஐயா?”

அந்தக் கேள்வி எதற்கு என்று இப்போது எனக்குத் தெரியுமே. இருக்கான் தாயி, சென்னையில இருக்கான், தையில கல்யாணம் என்று சொல்லிவிட்டு, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அழுதேன். உன் தாத்தா செத்தபோதுகூட நான் சத்தம் போட்டு அழவில்லை, எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து பார்த்தாள்.

அந்தப் பெண் விஷயத்தைச் சொல்ல, டாக்டரம்மாவே சாயங்காலம் கூப்பிட்டது. அது சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். பழைய பாட்டிலை வைத்து இன்றைக்கு உனக்கு என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாதாம். சிறுநீரில் சர்க்கரை வருவதற்கு வேறு காரணமும் அபூர்வமாக உண்டாம். அந்தத் துரு அளவு சிகரெட் பிடிப்பவர்களுக்கும் ஏறுமாம். நீ மில்லுக்குப் பின்பக்கம் நின்று ஊதியது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன், அதையும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் எடை குறைவது, தாகம், ஆறாத புண் இந்த மூன்றையும் சொன்னதும் அதன் பேச்சில் அவசரம் வந்துவிட்டது. ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், ரத்தம் பார்க்க வேண்டும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பார்க்க வேண்டும், சிறுநீரகம், கண், கால் எல்லாம் பார்க்க வேண்டும் என்றது. துருவை நிறுத்த மாத்திரை உண்டா என்று கேட்டேன். கடையில் விற்கிற சத்து மாத்திரைகளால் ஆயுள் கூடும் என்பதற்கு நிரூபணம் இல்லை, சர்க்கரையைப் பிடித்து நிறுத்துவதுதான் வழி, முப்பத்தொரு வயதில் தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது ஐயா என்றது. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று நாளாக நடமாடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு வெல்லம் போட்ட கந்தரப்பத்தில் நீ ஆறாவதை எடுத்தபோது, கம்பெனியில் வருஷா வருஷம் பரிசோதனை செய்வார்களே, உனக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, அதெல்லாம் மூணு நாள் முன்னாடி சோறையும் இனிப்பையும் நிப்பாட்டிட்டா ஒண்ணும் வராதும்மா, அப்பாகிட்ட கத்துக்கிட்டதுதான் என்றாய். நானும் சிரித்தேன். என் மகனாச்சே என்று முதுகில் தட்டினேன். சோதனைக்கு மூன்று நாள் பத்தியம், நாலாம் நாள் பரோட்டா, இதை நான் இருபது வருஷமாகச் செய்து உங்கள் கண்முன்னால் பெருமையடித்தேன். டாக்டரை ஜெயித்துவிட்டேன் என்று நினைப்பு. ஏற்கெனவே ஏதோ சரியில்லை என்று உனக்கே சந்தேகம் இருந்ததால்தான் பத்தியம் இருந்தாயா தம்பி? அல்லது சும்மா, அப்பா செய்வார், நானும் செய்கிறேன் என்று செய்தாயா? எதுவாக இருந்தாலும் நான் திட்ட மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. உண்மையை மட்டும் சொல். மாதிரி என்பது மூட்டைக்காரனை மாட்டிவிட எடுப்பதில்லை, உள்ளே இருப்பது கெட்டுப்போவதற்கு முன்னால் காயப்போட எடுப்பது என்று முப்பது வருஷம் நான் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே ஒரு நாளும் சொல்லிக்கொள்ளவில்லை.

நேற்று நாட்டரசன்கோட்டைக்குப் போய் உன் மாமனாராகப் போகிறவரைப் பார்த்தேன். எனக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை, என் அப்பாவுக்கும் இருந்தது, பெண் பார்க்க வந்தபோது நீங்கள் கேட்டதற்கு இல்லை என்று சொன்னேன், அது பொய் என்றேன். மனுசன் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். நானும்தான் சம்பந்தி, நீக கேட்டப்ப நானும் இல்லைன்னுதானே சொன்னேன் என்றார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. உன்னைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ கட்டப்போகிற பெண்ணிடம் நீதான் சொல்ல வேண்டும், பரிசோதனை முடிந்ததும், தாலி கட்டுவதற்கு முன்னால். அதன் பிறகு கல்யாணம் நடந்தாலும் சரி, தள்ளிப்போனாலும் சரி, நின்றே போனாலும் சரி. வேனைச் சொன்னவன் வேண்டாம் என்றும் சொல்லிக்கொள்வேன். நீ இருந்தால் போதும் எனக்கு.

இந்தக் கடிதத்தில் யார் பெயரையும் எழுதாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஹாலில் திரையில் அந்த இரண்டு கோடுகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, எல்லாரும் கொடுத்தது அவரவருடையதுதானே என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கேட்டது. எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை, ஆனால் முன்வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்ததைப் பார்த்தேன். அவர்கள் யாருடையதைக் கொண்டுபோனார்களோ, மகளுடையதோ, பேரனுடையதோ, தெரியாது. நீ படித்து முடித்து, சரி என்று சொன்னால், அவர்களும் படிக்கிற மாதிரி இதை நாலு பேருக்குக் கொடுக்கிறேன். வேண்டாம் என்றால் கிழித்துப்போட்டுவிடு.

நேற்றுப் போனில் நான் சென்னைக்கு வருகிறேன் என்றும், அம்மா கந்தரப்பம் கொடுத்து அனுப்புகிறாள், காலையில் நான் வரும் வரை எதுவும் சாப்பிடாமல் இரு என்றும் சொன்னேன் அல்லவா? அதுவும் பொய்தான், மன்னித்துவிடு, உன்னிடம் நான் சொல்லும் கடைசிப் பொய் அதுவாக இருக்கட்டும். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறும் வரை உள்ளே இரு, நான் எங்கேயும் போக மாட்டேன். பையில் பலகாரம் எதுவும் இல்லை. இரண்டு காலி பாட்டில்தான் இருக்கின்றன. ஒன்றில் உன் பெயர், ஒன்றில் என் பெயர். இரண்டையும் உன் அம்மாதான் எழுதி ஒட்டினாள், என்னை எழுத விடவில்லை. கதவைத் திற தம்பி, லேப் ஏழு மணிக்குத் திறந்துவிடுமாம். நானும் இன்னும் சாப்பிடவில்லை.

அப்பா